தொடை இடுக்கு வலி: உள்தொடைத் தசைகளை அறிந்து வலுவாக்க ஒரு வழிகாட்டி

கபடி ஆடுபவரோ பந்து உதைப்பவரோ "தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டது" என்று சொன்னால், பக்கத்தில் நிற்பவர் தரும் முதல் யோசனை "காலை நல்லா விரிச்சு ஸ்ட்ரெச் பண்ணு" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான நேரங்களில் அது தவறான யோசனை. இழுபட்டு நொந்துபோன தசையை மறுபடி இழுப்பதால் அது ஆறுவதில்லை. அந்தத் தசைக்குப் போதாமல் இருப்பது வலு. அதிலும், நீண்டுகொண்டிருக்கும்போதே தாக்குப்பிடிக்கும் வலு. அதை வீட்டிலேயே படிப்படியாக எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எந்தப் பக்கம் ‘உள்ளே’?

மூக்கு நுனி, தொப்புள் வழியாக உடலை இரண்டாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையோ காலோ அந்தக் கோட்டை விட்டு விலகினால் அது அப்டக்‌ஷன். கோட்டை நோக்கி வந்தால் அடக்‌ஷன். விரல்களுக்கு மட்டும் கணக்கு வேறு. கையில் நடுவிரல்தான் மையம். பாதத்தில் பெருவிரலுக்கு அடுத்த இரண்டாம் விரல் மையம்.

இந்த அசைவைக் கையில் எளிதாக உணரலாம். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இறுக்கிப் பிடியுங்கள்; இன்னொருவர் அதை உருவிப் பார்க்கட்டும். தாளைப் பிடித்து நிறுத்துவது உள்ளங்கை எலும்புகளுக்கு இடையில் இருக்கும் சிறிய தசைகள். முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் ‘சுர்’ரென்று மின்சாரம் பாய்வது போல இருக்குமே, அந்த அல்நார் நரம்புதான் அவற்றை இயக்குகிறது. அந்த நரம்பு கெட்டிருந்தால் தாள் நழுவிவிடும். தொழுநோயாளிகளின் கையைப் பரிசோதிப்பவர்கள் சுண்டுவிரலின் வலுவைப் பார்க்கத் தவறாததற்குக் காரணம் இதுவே.

தோளில் இந்த வேலையைச் செய்பவை பெரிய தசைகள். மடித்த துண்டு ஒன்றை அக்குளில் வைத்து, மேல்கையை விலாவோடு சேர்த்து அழுத்துங்கள். அக்குளின் முன் மடிப்பு இறுகும். அது மார்புத் தசையான பெக்டோரலிஸ் மேஜர். பின் மடிப்பும் இறுகும். அது முதுகிலிருந்து வரும் லாட்டிசிமஸ் டார்சியும் அதற்குத் துணையான டீரஸ் மேஜரும். கையைப் பற்றி இவ்வளவு போதும். ஆடுகளத்தில் அதிகம் தொல்லை தருவது காலின் அடக்டர்கள்தான், அதாவது தொடையை உள்ளே இழுக்கும் உள்தொடைத் தசைகள்.

உங்கள் காலிலேயே தேடிப் பிடியுங்கள்

மல்லாந்து படுங்கள். வலது முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, முழங்காலை மெதுவாக வெளிப்பக்கம் சாயவிடுங்கள். இடது கையை முழங்காலின் உட்புறத்தில் வைத்துத் தடுத்துக்கொண்டே, முழங்காலை உள்ளே கொண்டுவர முயலுங்கள். தொடை இடுக்கை ஒட்டி, கயிறு முறுக்கேறினாற்போல ஒன்று எழும்பி நிற்கும். வலது கை விரல்களால் தொட்டுப் பாருங்கள். அது அடக்டர் லாங்கஸ் தசையின் தசைநாண். மேல்நோக்கித் தடவிக்கொண்டே போனால், அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் பூப்பெலும்பில் போய் முடியும். விளையாட்டு வீரர்கள் "இங்கதான் வலிக்குது" என்று விரல் வைத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த முடிச்சைத்தான். இந்தத் தொகுதியில் அடிக்கடி காயம்படுவதும் லாங்கஸ்தான்.

அதற்குப் பின்னால், கைக்கு எட்டாத ஆழத்தில் அடக்டர் பிரெவிஸ் இருக்கிறது. மேலே, இடுப்பெலும்பை ஒட்டி பெக்டினியஸ். உள்தொடையின் விளிம்பில் மெல்லிய பட்டையாக இறங்குவது கிராசிலிஸ். மொத்தம் உள்ள ஐந்து அடக்டர்களில் முழங்காலையும் தாண்டிக் கீழே போய், கணுக்காலுக்குச் செல்லும் பெரிய எலும்பின் உட்புறத்தில் ஒட்டுவது இது ஒன்றுதான். முழங்காலை மடக்கி வைத்துக் காலை அகட்டும்போது வலி குறைவாகவும், முழங்காலை நீட்டி அகட்டும்போது அதிகமாகவும் இருந்தால் கிராசிலிஸையும் சந்தேகிக்கலாம்.

ஐந்தாவது, அடக்டர் மேக்னஸ். எல்லாவற்றிலும் பெரியது, தொடை எலும்பின் பின்புறம் முழுக்கப் பரவி, முழங்காலுக்குச் சற்று மேல் வரை வருகிறது. இதன் ஒரு பகுதி நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பிலிருந்து தொடங்குவதால், தொடையைப் பின்னோக்கியும் இழுக்கும். ஆழமாகக் குந்தி எழும்போது இதற்கு வேலை அதிகம். நெடுநாள் கழித்துத் தோப்புக்கரணம் போட்ட மறுநாள் முன்தொடையோடு உள்தொடையும் சேர்ந்து வலிப்பது இதனால்தான்.

இவற்றில் பெரும்பகுதியை இயக்குவது ஆப்டுரேட்டர் நரம்பு. இடுப்பு முதுகெலும்பின் 2, 3, 4-ஆம் மட்டங்களிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்பில் இருக்கும் துளை வழியாகத் தொடைக்குள் இறங்குகிறது. இதன் கிளைகள் இடுப்பு மூட்டுக்கும் போகின்றன, முழங்காலுக்கும் போகின்றன. எனவே இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு சில சமயம் முழங்கால் வலியாகத் தலைகாட்டும். முழங்கால் வலி என்று வரும் சிறுவனின் இடுப்பையும் மருத்துவர் அசைத்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

இழுப்பதைவிடப் பிடித்து நிறுத்துவதே பெரிய வேலை

பாடப்புத்தகத்தில் ‘காலை உள்ளே இழுக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கும் வேலை நமக்கு எத்தனை முறை வருகிறது? குதிரைச் சவாரியை விட்டால் அரிது. அடக்டர்கள் நாள் முழுக்கச் செய்வது வேறு. ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பு சரியாமல், வெளிப்பக்கத் தசைகளோடு சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. கால் வெளியே ஓடும்போது பிரேக் போடுகின்றன.

கபடியில் பாடிப் போகும் ரெய்டர் ஒரு காலை ஊன்றி, மற்றதை எட்ட நீட்டித் தொடப் போகிறார். ஊன்றிய காலின் தொடை விரிந்துகொண்டே போகிறது. அந்த நிலையில் எதிரணியினர் கணுக்காலைப் பிடித்து இழுக்கிறார்கள். அடக்டர் நீண்டுகொண்டே இருக்கும்போது முழு விசையோடு எதிர்க்கவும் வேண்டும். கால்பந்தில் உதைக்கும் கால் பின்னால் போய் முன்னால் திரும்பும் அந்த நொடியிலும் இதே கதைதான். தசை கிழிவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். சும்மா ஓடும்போது அல்ல.

உள்தொடைக்கு வலுதான் தேவை என்பதற்கு ஆதாரமாக மூன்று ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், உள்தொடை வலு வெளிப்பக்க இடுப்புத் தசை வலுவின் 80 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்களுக்கு அடக்டர் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு. டென்மார்க்கில் நடத்தி 1999-இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட தொடை இடுக்கு வலி உள்ள 68 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 முதல் 12 வாரம் வலுவூட்டும் பயிற்சி. மற்றதற்கு லேசர், மசாஜ், ஸ்ட்ரெச்சிங், மின்தூண்டல். வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 23 பேர், இரண்டாவதில் 4 பேர். பிறகு நார்வேயில் 35 ஆண்கள் கால்பந்து அணிகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், கோபன்ஹேகன் (கீழே மூன்றாம், நான்காம் படிகளில் வருவது) என்ற ஒரே ஒரு பயிற்சியைச் செய்த அணிகளில் தொடை இடுக்குத் தொல்லை 41 சதவீதம் குறைந்தது.

தொடங்கும் முன்: இவர்கள் முதலில் மருத்துவரிடம்

தொடை இடுக்கில் வலிப்பதெல்லாம் அடக்டர் இல்லை. இருமும்போது அங்கே புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். விரையில் வலியோ வீக்கமோ, காய்ச்சலோடு வலியோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியோ இருந்தால் பயிற்சி பேச்சே வேண்டாம்; திடீரென வரும் விரை வலி என்றால் அன்றே, உடனே போகவேண்டும். ‘டப்’ என்ற உணர்வோடு வலி வந்து, ஓரிரு நாளில் உள்தொடை நீலம் பாய்ந்தால் தசைநாண் பிய்ந்திருக்கலாம். தொலைதூரம் ஓடுபவருக்கு, ஓட ஓடக் கூடி, நின்றால் அடங்கி, நாளாக ஆக நடந்தாலே வரும் வலி என்றால் தொடை எலும்பின் கழுத்தில் நுண்முறிவு இருக்கக்கூடும். அதைத் தசை வலி என்று நினைத்து ஓடித் தீர்க்கப் பார்ப்பது ஆபத்து. வளரும் வயதுப் பிள்ளை நொண்டினால் எக்ஸ்ரே எடுக்காமல் எந்தப் பயிற்சியும் கூடாது. சம்மணமிட்டு உட்காரவும் செருப்பு மாட்டவும் சிரமப்படும் நடுவயதினர் மூட்டைத்தான் முதலில் காட்டவேண்டும்.

5 விநாடிச் சோதனை

மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டுங்கள். துணைக்கு ஒருவர் உங்கள் காலடியில் உட்கார்ந்து, தம் முன்கையை உங்கள் இரண்டு கணுக்கால்களுக்கு நடுவே குறுக்காக வைக்கட்டும். 5 விநாடிக்கு உங்களால் முடிந்த அளவு இறுக்குங்கள். தொடை இடுக்கில் எவ்வளவு வலி என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் சொல்லுங்கள். 0 முதல் 2 வரை பச்சை: பயிற்சியும் ஆட்டமும் தொடரலாம். 3 முதல் 5 வரை மஞ்சள்: ஆட்ட நேரத்தைக் குறைத்து, கீழே உள்ள முதல் இரண்டு படிகளோடு நிறுத்துங்கள். 6 முதல் 10 வரை சிவப்பு: ஆட்டம் வேண்டாம், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் கணுக்கால்களுக்கு நடுவே ஒரு கால்பந்தை வைத்தும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே முறையில் செய்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். நாளையும் நேரத்தையும் கூட மாற்றாதீர்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் காலை எண் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

முதல் படி: இறுக்கிப் பிடித்தல்

முழங்கால்களை மடக்கிப் படுத்து, நடுவே கால்பந்தையோ உருட்டிக் கட்டிய தலையணையையோ வையுங்கள். 10 விநாடி இறுக்கி, 10 விநாடி விடுங்கள், 10 முறை. முதல் இரண்டு மூன்று முறை பாதி வலுவோடு தொடங்கி, வலி 2-ஐத் தாண்டாத அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு காலை நீட்டி, பந்தைக் கணுக்கால்களுக்கு நடுவே வைத்து அதையே செய்யுங்கள். நெம்புகோல் நீளும் அளவுக்குத் தசைக்குச் சுமை கூடுகிறது. முழங்காலில் சுலபமாக இருந்தது கணுக்காலில் கனக்கும். நாள்தோறும் செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் வயிற்றழுத்தம் ஏறி, வலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

இரண்டாம் படி: அசைவோடு சுமை

வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். இடது காலை மடக்கி, பாதத்தை வலது முழங்காலுக்கு முன்னால் ஊன்றுங்கள். கீழே இருக்கும் வலது காலை, முழங்கால் மடங்காமல் ஒரு சாண் உயரம் தூக்குங்கள். மேலே போக 2 விநாடி, கீழே வர 3 விநாடி. பக்கத்துக்கு 12 முறை, 3 செட். பாதம் கூரையைப் பார்த்துத் திரும்பிவிட்டால் வேலையை முன்தொடை பறித்துக்கொள்கிறது என்று பொருள். குதிகாலும் பெருவிரலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

இதோடு ஒரு சறுக்கல் பயிற்சி. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒரு பாதத்துக்கு அடியில் பழைய துணியைப் போட்டு, சுவரையோ கட்டிலையோ பிடித்துக்கொள்ளுங்கள். துணி உள்ள காலைப் பக்கவாட்டில் மெதுவாக, 3 விநாடியில், சறுக்கவிட்டு, பிறகு இழுத்துச் சேருங்கள். நிற்கும் காலின் முழங்கால் சற்று மடங்கியிருக்கவேண்டும். முதல் வாரம் ஓர் அடி தூரம் போதும். 8 முறை, 2 செட். நாம் தேடும் ‘நீளும்போது தாக்குப்பிடிக்கும் வலு’ உண்மையில் தொடங்குவது இங்கேதான். துணி ஈரமாக இருக்கக்கூடாது, தரையில் எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. கால் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் தவிர்க்கப் பார்த்த காயமே வந்து சேரும்.

வாரத்துக்கு 3 நாள், 2 வாரம். சோதனை எண் 2 அல்லது அதற்குக் கீழே வந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாம் படி: கோபன்ஹேகன், முழங்கால் பிடியில்

ஒருக்களித்துப் படுத்து, தோளுக்கு நேர் கீழே முழங்கையை ஊன்றுங்கள். மேல்காலின் முழங்காலைத் துணையாள் பிடித்து உங்கள் இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆள் இல்லையென்றால் திண்ணை, கட்டில் விளிம்பு, பெஞ்ச் எதிலாவது முழங்காலின் உட்பக்கத்தை வைக்கலாம், ஒரு தலையணையைப் போட்டு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். சுவரோடு ஒட்டிப் போட்டாலும் சறுக்கும், இல்லையென்றால் கவிழும்.

இனி மேல்காலால் அந்தப் பிடியைக் கீழே அழுத்தியபடி உடலைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். அதே சமயம் கீழ்க்காலைத் தூக்கி மேல்காலோடு சேருங்கள். மேலே 3 விநாடி, கீழே 3 விநாடி. இறங்கும் 3 விநாடிக்குத்தான் பலன் அதிகம். ‘தொப்’பென்று விழுந்தால் பாதி வேலை வீண். முதல் வாரம் பக்கத்துக்கு 4 அல்லது 5 முறை, ஒரே செட், வாரத்துக்கு 2 நாள். குறைவாகத் தோன்றும், இரண்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது அப்படித் தோன்றாது. அடுத்த வாரங்களில் 3 நாள், 8 முறை, பிறகு 10, 12 என ஏற்றுங்கள்.

நான்காம் படி: கணுக்கால் பிடியில்

நிலை அதேதான். துணையாளின் ஒரு கை கணுக்காலில், இன்னொரு கை முழங்காலுக்கு அடியில். முழங்காலுக்கு அந்தக் கை இல்லாவிட்டால் அதன் உட்புறத் தசைநார் இழுபடும். ‘தொடைக்குச் செய்யப்போய் முட்டி போச்சு’ என்று வருபவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். பெஞ்சில் செய்பவர்கள் கணுக்காலை மட்டும் விளிம்பில் வைக்காமல் கெண்டைக்காலின் பாதியாவது பெஞ்சில் படும்படி நகர்ந்து படுங்கள். 5 முறையில் தொடங்கி, 6 முதல் 8 வாரத்தில் 12 முதல் 15 முறைக்கு வந்தால் போதும். அதற்கு மேல் எண்ணிக்கையை ஏற்றுவதில் பெரிய லாபமில்லை.

பார்க்கிறவர் கவனிக்கவேண்டிய பிழைகள் இரண்டு. இடுப்பு நடுவில் தொய்வது. இது வயிற்றுப் பக்கத் தசைகளின் வலுக்குறைவு, முழங்கால் பிடிக்குத் திரும்புங்கள். இடுப்பு பின்பக்கம் சுழன்று மார்பு கூரையைப் பார்ப்பது. இது உடல் கண்டுபிடிக்கும் குறுக்குவழி, அடக்டரின் சுமை பிட்டத்துக்கும் முன்தொடைக்கும் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்தாலும் சரி, இதை அனுமதிக்காதீர்கள். ஊன்றிய தோள் வலித்தால் முழங்கை தோளுக்கு நேர் கீழே இல்லை.

எந்த வலி பரவாயில்லை

பயிற்சி முடிந்த 24 முதல் 48 மணி நேரத்தில் உள்தொடையின் நடுப்பகுதி முழுக்கப் பரவலாக, தொட்டால் நோகும் வலி சாதாரணம். இரண்டு மூன்று நாளில் அடங்கும். எலும்போடு ஒட்டும் அந்த முடிச்சில், ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய குத்தல் இருந்தால் அது வேறு. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போதும் அது இருந்தால், ஒரு படி இறங்குங்கள், முழுக்க நிறுத்தவேண்டாம். ஒரு மாதம் ஓய்வெடுத்து, வலி போனதும் நேராக மைதானத்தில் இறங்குபவர்களுக்குத்தான் மறுபடி மறுபடி வருகிறது. ஓய்வில் வலி போகும். வலுவும் கூடவே போகும்.

ஜிம்மில் கால்களைச் சேர்க்கும் மெஷின் இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் அதன் தொடக்க அகலத்தைக் கடைசித் துளைக்குத் தள்ளி, எடையையும் ஏற்றிவிட்டு உட்காராதீர்கள். குளிர்ந்த தசை முழுக்க விரிந்த நிலையில் முதல் சுமையை வாங்குவதைவிட மோசமான தொடக்கம் இல்லை. இரண்டு துளை உள்ளே வைத்துத் தொடங்குங்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பு மடங்கியிருப்பதால், நின்று ஆடும்போது லாங்கஸுக்கு வரும் சுமை இதில் முழுமையாக வராது. மெஷினைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாக அல்ல.

பட்டாம்பூச்சி ஆசனம் செய்யலாமா என்று பலரும் கேட்பார்கள். சோதனை எண் பச்சையில் இருந்தால் தாராளமாக. மஞ்சளில் இருக்கும்போது முழங்கால்களைக் கையால் அழுத்தித் தரையில் படவைக்கும் வேலை வேண்டாம்.

ஆட்டத்துக்குத் திரும்புதல், பிறகு தொடர்தல்

சோதனை எண் 0 அல்லது 1 ஆனதும் நேராக ஓடுவதில் தொடங்குங்கள். அதன்பின் வளைந்து ஓடுதல், பக்கவாட்டில் நகர்தல், வேகத்தில் திசை மாற்றுதல், கடைசியாகத்தான் முழு விசையில் உதைப்பதும் காலை எட்ட நீட்டித் தொடுவதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளாவது ஒதுக்கி, மறுநாள் காலை சோதனை எண் ஏறவில்லை என்று உறுதி செய்த பிறகு அடுத்தது. லேசான இழுப்பு இரண்டு மூன்று வாரத்தில் இந்தப் பாதையைக் கடந்துவிடும். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த வலிக்கு 8 முதல் 12 வாரம் ஆகும் என்று முதலிலேயே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நான்காவது வாரத்தில் பலர் கைவிடுவது அந்தக் கணக்கு தெரியாததால்தான்.

போட்டிகள் தொடங்கியபின் வாரத்துக்கு ஒரு நாள், பக்கத்துக்கு ஒரு செட், 12 முதல் 15 முறை போதும். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. பயிற்சியின் முடிவில் செய்யுங்கள், போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் செவ்வாயோ புதனோ சரியாக இருக்கும்.